பாஸ் அவுட் ஆனீர்களா, மயங்கி விழுந்தீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரப் பிள்ளைகள், நண்பர்களின் தம்பி தங்கைகள் என்று யாராவது ஒருவர் ரெஸ்யூமேயை அனுப்பி "கொஞ்சம் பார்த்துக் கொடுங்கண்ணா" என்பது பல வருடமாக நடக்கிறது. பத்து ரெஸ்யூமேயில் ஏழெட்டில் "பாஸ்டு அவுட்" என்று இருக்கும். அதைத் திருத்தி அனுப்பினால் உடனே போன் வரும், ஏன் மாற்றினீர்கள் என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். இங்கிலீஷ் வார்த்தைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பிடிபடும்.

பாஸ் அவுட்னா என்னண்ணா, டிகிரி முடிச்சதா, மயக்கம் போட்டதா?

இரண்டும்தான். யார் சொல்கிறார், யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் "பாஸ் அவுட்" என்றால் படிப்பை முடித்து வெளியே வருவது. லண்டனிலோ சிகாகோவிலோ ஒருவர் "ஐ பாஸ்டு அவுட்" என்றால் அவர் நினைவு தப்பி விழுந்திருக்கிறார் என்று அர்த்தம். வெயிலில் நின்று மயங்கியிருக்கலாம், ரத்தத்தைப் பார்த்து மயங்கியிருக்கலாம், அளவுக்கு மீறிக் குடித்து நம்ம ஊர் பாஷையில் "மட்டையாகி"யிருக்கலாம்.

தமிழிலேயே இப்படி ஒன்று இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். "தாத்தா மதுரைக்குப் போய்ச் சேர்ந்துட்டாரு" என்றால் நிம்மதி. அந்த "மதுரைக்கு" என்பதை எடுத்துவிட்டு "தாத்தா போய்ச் சேர்ந்துட்டாரு" என்று மட்டும் சொன்னால் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். அதே வினைதான், பக்கத்தில் இருந்த ஒரு சொல் போனதும் ஆளே போய்விட்டார். பாஸ் அவுட்டும் இந்த ஜாதிதான். கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு இந்தத் தாத்தாதான் பதில்.

"ஐ பாஸ்டு அவுட் இன் 2019"னு இன்டர்வியூல சொன்னா தப்பா?

இன்டர்வியூ எடுப்பவர் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உட்கார்ந்திருக்கும் நம்ம ஆள் என்றால் ஒன்றும் ஆகாது. அவரும் அப்படித்தான் சொல்வார். இந்தியா முழுக்க, பாகிஸ்தானிலும் இலங்கையிலும்கூட, படித்தவர்கள் சாதாரணமாகப் பேசுவது இது. அதனால் "தப்பு" என்று அடித்துச் சொல்ல எனக்கு மனசு வராது. தேதியை முன்னால் தள்ளி வைப்பதைச் சொல்லும் "ப்ரீபோன்" மாதிரி இதுவும் இந்த மண்ணில் வளர்ந்த பயன்பாடு.

வீடியோ காலில் அந்தப் பக்கம் இருப்பவர் அமெரிக்கக்காரர் என்றால்தான் சிக்கல். "2019இல் நான் மயங்கி விழுந்தேன்" என்று அவர் காதில் விழும். இந்தியர்களோடு பழகியவர் என்றால் புரிந்துகொள்வார். புதியவர் என்றால் ஒரு நொடி விழிப்பார், அப்புறம் மரியாதைக்காகக் கேட்காமல் விட்டுவிடுவார். அந்த ஒரு நொடி நமக்கு எதற்கு? பதிலாக என்ன சொல்லலாம் என்பது ரெஸ்யூமே பற்றிய கேள்வியில் வருகிறது.

அப்ப மிலிட்டரில மட்டும் "பாஸிங் அவுட் பரேடு"ன்னு சொல்றாங்களே, அது எப்படி சரி?

நல்ல கேள்வி, இதைக் கேட்டவன் என்.சி.சி.யில் இருந்த பையன். பிரிட்டிஷ் இங்கிலீஷில் பாஸ் அவுட்டுக்கு "பயிற்சியை முடித்து வெளியேறுதல்" என்ற அர்த்தம் இன்றும் அகராதியில் இருக்கிறது. ஆனால் ராணுவம், போலீஸ், தீயணைப்புத் துறை மாதிரிச் சீருடைப் பயிற்சிக்குத்தான். பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவ அகாடமியில் பயிற்சி முடிந்த அதிகாரியை "பாஸ்டு அவுட் ஆஃப் சாண்ட்ஹர்ஸ்ட்" என்று தாராளமாகச் சொல்லலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே நடக்கும் அணிவகுப்புக்கு மட்டும் "சாவரின்ஸ் பரேடு" என்று தனிப் பெயர்.

அந்த வழக்கம் பிரிட்டிஷ்காரர்களோடு இங்கே வந்தது. 1932இல் தொடங்கிய டேராடூன் ராணுவ அகாடமி, புனே பக்கம் கடக்வாஸ்லாவில் முப்படைக்குமான அகாடமி, கேரளத்தில் ஏழிமலை கடற்படை அகாடமி, நம்ம பரங்கிமலை என்று எல்லா இடத்திலும் பாஸிங் அவுட் பரேடு உண்டு. பரங்கிமலையில் இருக்கும் ஆபீஸர்ஸ் டிரெயினிங் அகாடமி 1963இல் ஆரம்பித்தது. அங்கே பரேடு நடக்கும் மைதானத்துக்கு மேஜர் பரமேஸ்வரன் பெயர். அங்கேயே பயிற்சி பெற்று, 1987இல் இலங்கையில் உயிரிழந்து, பரம்வீர் சக்கரம் பெற்றவர். அணிவகுப்பின் கடைசியில் பயிற்சி முடித்தவர்கள் "அந்திம் பக்" என்ற கோட்டைத் தாண்டிப் போவார்கள். இந்தியில் கடைசி அடி என்று பொருள். கேடட்டாக எடுத்து வைக்கும் கடைசி அடி அது, தாண்டினால் அதிகாரி. "பாஸ்", "அவுட்" இரண்டும் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடக்கின்றன.

ராணுவத்துக்கென்று இருந்த சொல்லை நாம் இன்ஜினியரிங் காலேஜ், பாலிடெக்னிக், பிளஸ் டூ வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். வெளிநாட்டுக்காரருக்கு உறுத்துவது அந்த இடத்தில்தான்.

அவுட்னா வெளியேதானே? அதுல மயக்கம் எங்கருந்து வந்துச்சு?

"அவுட்" என்பதற்கு வெளியே என்று ஒரே அர்த்தத்தை ஸ்கூலில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், அதனால் வந்த வினை. இங்கிலீஷில் விளக்கு அணைந்தாலும் "த லைட் வென்ட் அவுட்" என்பார்கள். தீயை அணைப்பது "புட் அவுட்". ஓர் இனம் பூண்டோடு அழிவது "டை அவுட்". வேலை செய்து செய்து ஆள் கருகிப்போவது "பர்ன் அவுட்". இதில் எதிலும் யாரும் வெளியே போகவில்லை. எரிந்துகொண்டிருந்தது அணைகிறது. மயக்கத்தில் வரும் அவுட் இந்தக் குடும்பம். ராணுவப் பயிற்சியில் வரும் அவுட் வாசலைத் தாண்டும் அவுட்.

மயக்க அர்த்தம் அவ்வளவு பழையதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேச்சு வழக்கில் பாஸ் அவுட் என்றால் செத்துப்போவது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கொஞ்சம் இளகி, சாவிலிருந்து மயக்கத்துக்கு இறங்கியது. எதிர்த் திசையில் போயிருந்தால் நம்ம பசங்க நிலைமை இன்னும் மோசம்.

நான் "ஐ ஆம் பாஸ்டு அவுட் இன் 2018"னு எழுதியிருந்தேன், அதுக்கும் சிவப்புக் கோடு போட்டீங்களே?

போட்டேன், இது வேற தப்பு. இந்தியாவில் பாஸ் அவுட் செல்லும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தச் சலுகை இதற்குக் கிடையாது. 2018 முடிந்துபோன காலம், "ஆம்" நிகழ்காலம், இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஒட்டாது. "ஹேவ் பாஸ்டு அவுட் இன் 2018" என்பதும் அதே காரணத்தால் அடிபடும். வருடத்தைச் சொல்லிவிட்டால் "ஹேவ்" வரக் கூடாது. "வாஸ் பாஸ்டு அவுட்" என்று போட்டால் யாரோ உங்களைப் பிடித்து வெளியே தள்ளிய மாதிரி இருக்கிறது, இல்லையென்றால் நினைவில்லாமல் கிடந்த மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், மயக்க அர்த்தத்தில் "ஆம்", "இஸ்", "வாஸ்" எல்லாம் பொருந்தும். "ஹீ இஸ் பாஸ்டு அவுட் ஆன் த சோஃபா" என்பது நல்ல இங்கிலீஷ்: சோபாவில் நினைவில்லாமல் கிடக்கிறான். ஆக "ஐ ஆம் பாஸ்டு அவுட்" என்று எழுதும்போது, மயங்கிக் கிடக்கிறேன் என்ற அர்த்தத்தை நீங்களே கூப்பிட்டுப் பந்தியில் உட்கார வைக்கிறீர்கள்.

சரி, ரெஸ்யூமேல அதுக்குப் பதிலா என்னதான் எழுதுறது?

பெரும்பாலும் ஒன்றுமே எழுத வேண்டாம். படிப்பு, கல்லூரி, வருடம், மூன்றும் ஒரு வரியில் இருந்தால் முடித்துவிட்டீர்கள் என்று தானே தெரியும். வாக்கியமாக எழுதியே ஆக வேண்டும் என்றால் டிகிரிக்கு "கிராஜுவேட்டட் ஃப்ரம்" என்று போட்டுக் கல்லூரிப் பெயரையும் வருடத்தையும் சேருங்கள். டிப்ளமோ, ஐ.டி.ஐ., வேறு ஏதாவது கோர்ஸ் என்றால் "கம்ப்ளீட்டட்". பிளஸ் டூவுக்கு அமெரிக்காவில் "கிராஜுவேட்டட் ஃப்ரம் ஹை ஸ்கூல்" என்பார்கள், பிரிட்டனில் "ஃபினிஷ்டு ஸ்கூல்" என்பது போதும்.

அரியர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014இல் சேர்ந்து, 2018இல் உங்கள் பேட்ச் முடிந்து, நீங்கள் கடைசிப் பேப்பரை 2020இல்தான் கிளியர் செய்தீர்கள் என்றால், "2018 பாஸ் அவுட்" என்று எழுதாதீர்கள். பேட்ச் வேறு, டிகிரி முடித்த வருடம் வேறு. சான்றிதழைக் கேட்கும்போது மாட்டிக்கொண்டு முழிப்பதை நானே பார்த்திருக்கிறேன். இது இங்கிலீஷ் பிரச்சினை இல்லைதான், ஆனால் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிரச்சினை.

பாஸ் அவுட், பாஸ் அவே ரெண்டும் ஒண்ணா?

இல்லவே இல்லை, இதில் மட்டும் தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். "பாஸ் அவே" என்றால் காலமாவது. பல நூற்றாண்டுகளாக இருக்கும் நாகரிகமான சொல். செத்தார் என்று சொல்லக் கூச்சப்பட்டு நாம் "காலமானார்", "தவறிட்டார்" என்கிறோமே, அது மாதிரி. பாஸ் அவுட் ஆனவர் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவார், பாஸ் அவே ஆனவர் எழ மாட்டார்.

இதில் இன்னொன்று. அமெரிக்காவில் "ஹிஸ் பாஸிங்" என்றாலே அவருடைய மறைவு. நம்ம ஊர் விண்ணப்பங்களில் "இயர் ஆஃப் பாஸிங்" என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை முதன்முதலாகப் பார்க்கும் அமெரிக்கருக்கு, இறந்த வருடத்தை விண்ணப்பதாரரே எப்படி நிரப்புவார் என்று தோன்றினால் ஆச்சரியம் இல்லை.

ஃபெயின்ட், பிளாக் அவுட், பாஸ் அவுட். மூணுமே மயக்கம்தானே?

ஃபெயின்ட்டும் பாஸ் அவுட்டும் கிட்டத்தட்ட ஒன்று. மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் குறைந்து ஆள் சரிந்து விழுவதை இரண்டாலும் சொல்லலாம். ஃபெயின்ட் கொஞ்சம் எழுத்து நடை, பாஸ் அவுட் பேச்சு நடை. ஆனால் குடித்து விழுந்தவரை ஃபெயின்ட் என்று சொல்ல மாட்டார்கள், அது பாஸ் அவுட் மட்டும்தான். அடி வாங்கி நினைவிழந்தால் "நாக்டு அவுட்". டாக்டர்கள் தங்களுக்குள் "சின்கபி" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், நமக்கு அது தேவைப்படாது.

பிளாக் அவுட் கொஞ்சம் வழுக்கும். பேச்சில் அதையும் மயக்கத்துக்குச் சொல்கிறார்கள். ஆனால் குடியைப் பற்றிப் பேசும்போது பிளாக் அவுட் என்றால் ஆள் நடக்கிறார், பேசுகிறார், காசு கொடுத்து ஆட்டோகூடப் பிடிக்கிறார், மறுநாள் காலையில் அதில் எதுவும் ஞாபகம் இல்லை. விமானிகள் பேச்சில் அது வேறு: போர் விமானத்தை வேகமாகத் திருப்பும்போது ரத்தம் கீழே இறங்கி, நினைவு இருக்கும்போதே கண் இருட்டிவிடும், அதுதான் அவர்களுக்கு பிளாக் அவுட். ஆக, வெளிநாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் "டிட் யூ பாஸ் அவுட்?" என்று கேட்டால், நினைவு தப்பியதா என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, வெளிநாட்டில் இருக்கும் தன் மகனிடம் போயிருந்தபோது, பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இந்தக் கேள்விக்கு "யெஸ், 1991" என்று பதில் சொல்லியிருக்கிறார். மகன் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தார்கள், இல்லையென்றால் முப்பது வருட மயக்கத்துக்கு ஸ்கேன் எடுத்திருப்பார்கள்.

என் பொண்ணோட ஆன்லைன் டீச்சர் "பாஸ் அவுட் த பேப்பர்ஸ்"னு சொல்றாங்க, பேப்பர் எப்படி மயங்கும்?

பேப்பர் மயங்காது, பேப்பரை எல்லோருக்கும் கொடுக்கச் சொல்கிறார். அமெரிக்காவில் இது ரொம்பச் சகஜம், பிரிட்டனில் பெரும்பாலும் "கிவ் அவுட்" அல்லது "ஹேண்ட் அவுட்" என்பார்கள். இங்கே வருவது மூன்றாவது அவுட், ஓரிடத்திலிருந்து நாலா பக்கமும் பரவும் அவுட்.

இந்த அர்த்தத்துக்கு மட்டும் ஓர் இலக்கணச் சேட்டை உண்டு. நடுவில் பிரிக்கலாம்: "பாஸ் அவுட் த பேப்பர்ஸ்", "பாஸ் த பேப்பர்ஸ் அவுட்" இரண்டும் சரி. "தெம்" என்று சுருக்கினால் பிரித்தே ஆக வேண்டும், "பாஸ் தெம் அவுட்". "பாஸ் அவுட் தெம்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மயக்கத்துக்கோ பயிற்சிக்கோ இந்தப் பிரச்சினையே வராது, எதை என்ற கேள்வியே அங்கே எழாது.

எந்த அர்த்தம்னு கேட்டவுடனே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் கேள்வியில் வந்த தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். பின்னால் பேப்பர், சாக்லேட், நோட்டீஸ் மாதிரிப் பொருள் வந்தால் விநியோகம். "ஃப்ரம்" அல்லது "ஆஃப்" போட்டு ஓர் அகாடமியோ காலேஜோ வந்தால் பயிற்சி, படிப்பு. ஒன்றுமே வராமல் மொட்டையாக நின்றால் மயக்கம். "ஃப்ரம்" வந்துவிட்டது என்பதற்காக நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது, "பாஸ்டு அவுட் ஃப்ரம் த ஹீட்" என்றால் வெக்கையில் மயங்கினார் என்று அர்த்தம். ஹீட் என்ற பெயரில் காலேஜ் இல்லாதவரை பிழைத்தோம்.

ஆஸ்திரேலியாவுல ஒரு கச்சேரிக்குப் போனேன், வாசல்ல "நோ பாஸ் அவுட்ஸ்"னு போட்டிருந்தான். குடிச்சிட்டு விழக் கூடாதுங்கிறானா?

அப்படி எடுத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை. ஆனால் அங்கே பாஸ் அவுட் என்றால் நடுவில் வெளியே போய்விட்டுத் திரும்ப உள்ளே வர அனுமதிக்கும் சீட்டு. அது கிடையாது, வெளியே போனால் போனதுதான் என்பது போர்டின் அர்த்தம். நம்ம ஹாஸ்டலில் வார்டனிடம் கெஞ்சி வாங்குவோமே "அவுட்பாஸ்", அதைத் திருப்பிப் போட்ட மாதிரி.

வேலை விளம்பரத்துல "2023 பாஸ்அவுட்ஸ் ஒன்லி"ன்னு வருதே, அது வினையா பெயரா?

பெயர், அதாவது அந்த வருடம் முடித்த ஆட்கள். இந்திய விளம்பரத்துக்கு வெளியே இதைப் பார்ப்பது அரிது, அமெரிக்காவில் "கிளாஸ் ஆஃப் 2023" என்பார்கள். உச்சரிக்கும்போது வினையாக இருந்தால் அழுத்தம் "அவுட்"டில் விழும், பெயராக இருந்தால் முன்னால் இருக்கும் "பாஸ்"ஸில் விழும். வண்டி "பிரேக் டவுன்" ஆகிறது, அப்புறம் அது ஒரு "பிரேக்டவுன்". இரண்டையும் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

வெள்ளைக்காரனுக்குப் புரியலைன்னா நாம ஏன் மாத்திக்கணும்? நம்ம ஆளுங்கதான் அதிகம்.

மாற்றிக்கொள்ள வேண்டாம், சொல்லப்போனால் இந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும். உங்கள் ஆபீசில், உங்கள் ஊரில் தாராளமாகப் பேசுங்கள். நான் சிவப்புக் கோடு போடுவது வெளியூர்க்காரர் கைக்குப் போகப்போகும் தாளில் மட்டும்தான். சென்னைக்காரர் திருநெல்வேலிக்குப் பெண் பார்க்கப் போகும்போது பேச்சைக் கொஞ்சம் பார்த்துப் பேசுவதில்லையா, அந்த அளவுதான். அந்த "ஐ ஆம் பாஸ்டு அவுட்" மட்டும் எந்த ஊரிலும் வேண்டாம், காரணத்தை மேலேயே சொல்லிவிட்டேன்.

எங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப் பேரே "2009 பாஸ்டு அவுட்ஸ்". அதை மாத்தணுமா?

விடுங்கள். உள்ளே இருக்கும் எல்லோருக்கும் புரியும். எங்கள் குரூப்புக்கும் ஏறக்குறைய அதே பெயர்தான், போன சந்திப்பில் பிரியாணி முடிந்ததும் நான்கு பேர் மண்டபத்து ஜமுக்காளத்திலேயே கட்டையாகக் கிடந்தார்கள், எழுப்பி பஸ் ஏற்றும்போது மணி ஆறு.